ஆட்டுக்கல்லோடு ஒரு யாத்திரை

சண்டை நடந்துகொண்டிருந்த நாற்பத்திரண்டாம் வருஷம். வைகாசி பாதி ஆகியும் கத்திரி வெயில் விடவில்லை. சிதம்பரம் ரயிலடியில் நானும் என் வீட்டுக்காரரும் வந்து இறங்கினோம். எங்களோடு ஒரு ஆட்டுக்கல், ஒரு அம்மி, தகரப் பெட்டிகள், ஒரு சாக்கு நிறையப் பாத்திரம், ஒரு மரத் தொட்டில் எல்லாம் இறங்கின. எனக்கு அப்போது ஏழு மாசம். இத்தனை சாமான் இருந்தது, கொண்டுபோய் இறக்கிவைக்க ஒரு வீடுதான் இல்லை.

அதற்கு முன்னால் நாங்கள் கூடலூரில், இன்றைக்குக் கடலூர் என்கிறார்களே அங்கே, மஞ்சக்குப்பத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்துப் பக்கம் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், கணக்கெழுதிக்கொண்டிருந்தார். சண்டையால் கப்பல் வருவது நின்றுபோய், மல்லாட்டை மூட்டை மூட்டையாகத் தேங்கியது. முதலாளி சிதம்பரத்தில் ஒரு அரிசி மண்டியைத் திறந்து, “நீ அங்க போயிடு” என்று இவரை அனுப்பிவிட்டார். அதே வாரம் வீட்டுச் சொந்தக்காரரும் வந்து நின்றார். மெட்ராஸில் குண்டு விழப்போகிறது என்று பயந்து அவருடைய சம்பந்தி வீட்டார் கிளிக்கூண்டு உட்பட எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களாம், உடனே வீடு வேண்டுமாம். மெட்ராஸில் விழுந்ததோ இல்லையோ, குண்டு எங்கள் தலையில் விழுந்தது.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டாள். பெண்ணாடத்தில் அண்ணன் இருந்தார். அவர் வீட்டில் இருந்தது ஒரே அறை, அதில் அண்ணியும் பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அங்கே நானும் போய்ப் படுத்தால் அண்ணன் மரத்தடியில்தான் குடித்தனம் நடத்தவேண்டும்.

“ரெண்டு நாள்ல வீடு பார்த்துடலாம், நீ ஏன் கவலைப்படறே?” என்றார் என் வீட்டுக்காரர்.

அவரைப் பற்றி இங்கே சொல்லிவிடவேண்டும். தங்கமான மனுஷர். ஆனால் ‘இல்லை’ என்கிற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. வீட்டில் உப்பு தீர்ந்துபோனால்கூடப் பக்கத்து வீட்டில் போய், “உங்க கடைக்காரரு போடற உப்பு எப்படி இருக்குதுன்னு பார்க்கணும், ஒரு கை குடுங்க” என்றுதான் கேட்பார். உப்புக்கே இந்தப் பாடு என்றால், வீடு இல்லை என்று சொல்வாரா?

ரயிலடியிலிருந்து மாட்டுவண்டி பிடித்து, எங்கள் சனத்தார் கட்டிவிட்டிருந்த ஒரு சத்திரத்துக்குப் போனோம். நடராஜரைத் தரிசிக்க வருகிற யாத்ரீகர்கள் தங்குவதற்காகக் கட்டியது அது. யாத்ரீகர்களுக்கு மட்டுமே இடம், மூன்று நாளுக்குமேல் தங்கக்கூடாது என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். பலகைக்குக் கீழே சத்திரத்து மணியக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஆஜானுபாகுவான ஆள், நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் சாவிக்கொத்து.

“யாத்திரையா?” என்றார்.

“ஆமாங்க, யாத்திரைதான்” என்றார் இவர்.

மணியக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். “யாத்திரைக்கு ஆட்டுக்கல்லு எதுக்கு?”

போச்சு, திரும்பி ரயிலடிதான் என்று நான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “எங்க வீட்ல ஆசாரம் கொஞ்சம் ஜாஸ்திங்க. வேற கல்லுல அரைச்ச மாவை இவ தொடமாட்டா. எங்க போனாலும் கல்லோடதான் போறது.”

“தொட்டிலு?”

“வேண்டுதலுங்க.”

மணியக்காரர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்று காலையில்தான் கூடலூர் ரயிலடியில், வேர்வை வழிய வழிய ஒரு ஆள் கூடையில் கொண்டுவந்த வடையை நான் வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். அந்த எண்ணெய் கையில் இன்னும் போகவில்லை. அந்தக் கையாலேயே பதிலுக்குக் கும்பிட்டேன்.

வீடு கிடைக்கவில்லை. எங்கே கிடைக்கும்? மெட்ராஸ்காரர்கள் எங்களுக்கு முன்னாலேயே சிதம்பரத்துக்கும் வந்து, கேட்ட வாடகையைக் கொடுத்து எல்லா வீட்டையும் பிடித்துவிட்டிருந்தார்கள். உள்ளதைச் சொல்கிறேன், இரண்டாம் நாளே ஒரு வீடு வந்தது. தெற்குப் பார்த்த வாசல், நமக்கு ஆகாது என்று இவர் வேண்டாம் என்றுவிட்டார். ஒரு மாசம் கழித்து, வாசலே இல்லாத வீடாக இருந்தாலும் சுவரேறிக் குதித்துக் குடிபோகிற நிலைமைக்கு அவர் வந்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

மூன்று நாள் முடிந்தது. மணியக்காரர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, கண்ணை மூடி, கையைக் கூப்பிக்கொண்டு சொன்னார்:

“ஒரு மண்டலம் காலையிலயும் அர்த்தசாமத்துலயும் நடராஜரைப் பார்க்கறதா வேண்டிக்கிட்டிருக்கேங்க. இவளுக்கு சுகப்பிரசவம் ஆவணும்னு.”

எனக்கே அப்போதுதான் தெரியும். ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். மணியக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. விரதக்காரர்களுக்கு மூன்று நாள் கணக்குக் கிடையாது என்று சொல்லி, கிணற்றடிக்குப் பக்கத்தில் நல்ல காற்று வருகிற அறையாகப் பார்த்து மாற்றிக்கொடுத்தார். இவர் என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பதுபோல் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வேண்டிக்கொண்டது வாய்ப்பேச்சு என்றாலும் மணியக்காரர் விடுவாரா? விடியுமுன் வந்து கதவைத் தட்டுவார், “ஐயா, நேரமாச்சு!” என்று. பச்சைத் தண்ணீரில் முழுகிவிட்டுக் கோயிலுக்கு ஓடவேண்டும். அங்கிருந்து நேராக மண்டிக்கு. பொழுது சாய்ந்து வந்தால் மறுபடியும் குளியல், மறுபடியும் கோயில். இதில் வீடு தேடுவது எப்போது? வீடு தேடத் தவணை வேண்டுமென்றுதான் மண்டலம் என்று சொன்னார், மண்டலம் இருந்ததால் வீடு தேட நேரமில்லாமல் போயிற்று. இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழுவது?

மண்டிக்குப் போகிறோம் என்று மணியக்காரரிடம் சொல்லமுடியாது. யாத்ரீகனுக்கு மண்டியில் என்ன வேலை? அதனால், சுற்றுவட்டாரத்துச் சிவன் கோயில்களுக்குப் போய்வருவதாக இவர் சொல்லிவைத்திருந்தார். மாலையில் தலை, புருவம், கை எல்லாம் அரிசி மண்டித் தவிட்டுத் தூசியோடு வருவார். மணியக்காரர் அதைத் திருநீறு என்றே நினைத்தார். “உடம்பு பூராப் பூசிக்கிட்டு வராரு பாருங்க, அதான்யா பக்தி” என்று மற்றவர்களிடம் காட்டுவார்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மட்டும் இவர் நாலு தெரு நடந்து வீடு விசாரிப்பார். ஒவ்வொரு வாசலிலும் முதல் கேள்வி, “இப்போ எங்க குடியிருக்கீங்க?” சத்திரத்தில் என்று சொன்னால் கதவு மூடிக்கொள்ளும். நாளைக்கு வாடகை கொடுக்காமல் ஓடிப்போனால் எங்கே தேடுவது என்று அவர்களுக்குப் பயம். சரி, கூடலூரில் என்று சொன்னால், “அப்போ அவசரம் இல்லையே, ஆவணிக்கு மேல வாங்க” என்பார்கள். வீடு இருக்கிறவனுக்குத்தான் வீடு கொடுப்பார்கள் என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இல்லாதவன் இல்லாதவனாகவே இருக்கவேண்டியதுதான்.

இதற்குள் எங்கள் பெயர் ஊரில் பரவிவிட்டது. கீழ வீதியில் ஒரு வீடு காலி என்று கேள்விப்பட்டு இவர் ஓடினார். அந்த வீட்டுக்காரர் இவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, “நீங்க சத்திரத்துல மண்டலம் இருக்கற ஐயாதானே? உங்களை மாதிரி ஆளுங்க நம்ம வீட்டு வாசலை மிதிக்கறது பாக்கியம்” என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டு அனுப்பினார். வீட்டைப் பற்றிக் கேட்க இவருக்கு வாய் வரவில்லை. “சாப்பாடு நல்லாயிருந்துச்சி” என்றார் என்னிடம். அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை.

என் பாடு அதைவிட மோசம். எனக்கு அப்போது ஒரே ஒரு ஆசை, மேல வீதி காப்பி கிளப்பில் போடுகிற வெங்காய தோசை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் அந்த வாசனை சத்திரத்துக்குள் வரும். ஆனால் நான்தான் வேறு கல்லில் அரைத்த மாவைத் தொடாத உத்தமி ஆயிற்றே! தினமும் கிணற்றடியில் உட்கார்ந்து, எட்டு மாச வயிற்றோடு, எங்கள் கல்லில் எங்கள் மாவை நானே அரைக்கவேண்டும். யாராவது பெண்கள் உதவிக்கு வந்தால் மணியக்காரர், “தொடாதீங்க! அவுங்க ஆசாரம் கெட்டுடும்” என்று தடுத்துவிடுவார். என்னைப் பெற்றவள் இருந்திருந்தால் என் வீட்டுக்காரரை அந்தக் கல்லிலேயே போட்டு அரைத்திருப்பாள்.

ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து மனசு பொறுக்காமல், இவர் தோசை வாங்கி, கோயில் பிரசாதம் மாதிரி வாழை இலையில் மடித்து எடுத்துவந்தார். வாசலிலேயே மணியக்காரர் பிடித்துக்கொண்டார். “பிரசாதமா? எனக்கும் கொஞ்சம் குடுங்க” என்று இரண்டு கையையும் நீட்டினார். இவர் வேறு வழியில்லாமல் ஒரு விள்ளல் கிள்ளிக் கொடுத்தார். அவர் அதைக் கண்ணில் ஒற்றி, வாயில் போட்டு, மென்று, சற்று யோசித்தார்.

“வெங்காய வாசனை வருதே?”

“பெருங்காயமுங்க. இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுட்டாங்க.”

மணியக்காரர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதோடு விடாமல் இன்னொரு விள்ளலும் வாங்கிக்கொண்டார். எனக்கு மிஞ்சியது ஓரம்தான்.

மணியக்காரரின் மனைவியைப் பற்றியும் சொல்லவேண்டும். வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. பெரிய வீடு, ஆனால் அவர்கள் இரண்டு பேர்தான் என்று மணியக்காரர் அடிக்கடி சொல்லிக்கொள்வார். அந்த அம்மாள் புருஷன் எதிரில் வாயைத் திறக்கமாட்டாள். அவர் இல்லாத நேரமாகப் பார்த்து, முந்தானையில் மறைத்து எனக்கு நார்த்தங்காய் கொண்டுவந்து கொடுப்பாள். நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்போம். அவளுக்கு ஏதோ சொல்லவேண்டும்போல் இருக்கும், எனக்கும் இருக்கும். எங்கள் வீட்டுக்காரர்களின் மானத்தை நாங்கள் இரண்டு பேரும் கட்டிக் காத்துக்கொண்டிருந்தோம்.

ஆனித் திருமஞ்சனத்துக்குக் கூட்டம் வந்தது. எங்களுக்கு அடுத்த அறையில் புருஷனும் பெண்சாதியுமாக ஒரு தம்பதி வந்து தங்கினார்கள், இரண்டு பேருக்கும் ஐம்பது வயசு இருக்கும். ராமேஸ்வரம் போய்விட்டு வருகிறார்கள் என்று மணியக்காரர் பெருமையாகச் சொன்னார். அவர்களிடம் எங்களைக் காசிக்குப் போய்வந்தவர்கள் என்று சொல்லிவைத்தார். அது எப்படிக் கிளம்பிற்று என்று எனக்குத் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாத என் வீட்டுக்காரர், “காசிக்குப் போயிருக்கீங்களா?” என்று யாரோ கேட்டதற்கும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அப்புறம் என்ன, திருவிழா நாள் முழுக்க இவர் காசியைப் பற்றிச் சொல்ல, அவர் ராமேஸ்வரத்தைப் பற்றிச் சொல்ல, சுற்றி உட்கார்ந்து சனங்கள் கேட்டார்கள். இவர் கங்கையை வர்ணித்தபோது எனக்கு நம்முடைய கெடில ஆறுதான் ஞாபகத்துக்கு வந்தது. ராமேஸ்வரத்துக்காரர் சமுத்திரத்தை வர்ணித்ததும் அப்படியே பரங்கிப்பேட்டைக் கடற்கரையாக இருந்தது. ஒருத்தரை ஒருத்தர் குறுக்குக் கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் முடிந்தபோது ராமேஸ்வரத்துக்காரரும் ஒரு வேண்டுதல் சொன்னார், அரை மண்டலம். பக்தி தொற்றிக்கொள்கிறது என்று மணியக்காரர் பூரித்துப்போனார்.

எனக்குச் சிரிக்கிற தெம்பெல்லாம் போய்விட்டிருந்தது. ஆனி முடிந்தால் ஆடி. ஆடியில் யாரும் புது வீட்டுக்குக் குடிபோகமாட்டார்கள், குடிவைக்கவும் மாட்டார்கள். எனக்கு ஆடியில்தான் நாள். சத்திரத்தில் பிரசவம் ஆனால் தீட்டு, அதனால் அங்கே இருக்கவிடமாட்டார்கள். ஆனி கடைசிக்குள் ஒரு கூரை கிடைக்காவிட்டால் என் பிள்ளை தெருவில்தான் பிறக்கும். ராத்திரி படுத்தால் வயிற்றில் அது புரளும். உனக்கு என்ன சாமி, நீ இருக்க ஒரு வீடு இருக்குது, வெளியே வந்துடாதே என்று சொல்லிக்கொள்வேன்.

மண்டலம் முடிகிற நாளும் ஆனி மாசத்துக் கடைசி நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. முதல் நாள் மாலையே மணியக்காரர் வந்து சொல்லிவிட்டார்:

“ஐயா, நாளைக்குக் காலையோட வேண்டுதல் நல்லபடியா முடியுது. பிள்ளைத்தாச்சியை வெச்சுக்கிட்டு இனிமே அலையாதீங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள ஊருக்குப் போயி உங்க மாடி வீட்ல இருந்து பிரசவத்தைப் பார்த்துக்குங்க. நாளைக்கு நானே வண்டி சொல்லி ரயிலேத்தி உடறேன்.”

மாடி வீடா! நான் திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் உத்தரத்தைப் பார்த்தார்.

மணியக்காரர் போனதும் கேட்டேன், “இன்னாங்க செய்யப் போறீங்க?”

இவர் குரலைத் தாழ்த்தி, பெரிய யோசனை கண்டுபிடித்தவர்போல் சொன்னார். “கூடலூருக்கு டிக்கெட்டு வாங்குவோம். அவரு போனப்புறம் அடுத்த ஸ்டேஷன்ல, கிள்ளையில எறங்கிடுவோம். அங்கேர்ந்து ஒரு வண்டி புடிச்சித் திரும்பி வந்து, தெக்கு வீதியில இன்னொரு சத்திரம் இருக்குது, அங்க போயிடலாம்.”

“அங்க இன்னா சொல்லுவீங்க?”

“யாத்திரைதான்” என்றார்.

மறுநாள் பொழுது சாயும் நேரம். சத்திரத்து வாசலில் வண்டி வந்து நின்றது. மணியக்காரர் சும்மா அனுப்புவாரா? ஒரு நாயனக்காரரையும் ஒரு தவிலையும் கூட்டிவந்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. கீழ வீதியில் இவருக்குச் சோறு போட்ட வீட்டுக்காரர்கூட வந்திருந்தார். என் வீட்டுக்காரர் கழுத்தில் ஆள் உயர மாலை. மணியக்காரர் மனைவி எனக்குப் பூ வைத்து, குங்குமம் இட்டாள். நாலு பேர் சேர்ந்து அந்த ஆட்டுக்கல்லைச் சாமி தூக்குவதுபோல் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். தொட்டிலுக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். நாயனம் முழங்கியது. இவர் எல்லாருக்கும் கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்.

என்னை வண்டியில் ஏறச் சொன்னார்கள். படியில் ஒரு காலை வைத்தேன். அடிவயிற்றில் சுருக்கென்றது. வலி இல்லை, பயம்தான் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்த நிமிஷத்தில் கிள்ளை ஸ்டேஷனும், ஆளில்லாத பிளாட்பாரமும், அதில் நான் படுத்துக் கிடப்பதும் கண்ணுக்கு நேரே தெரிந்தது. காலைக் கீழே எடுத்துவிட்டேன்.

“எங்களுக்கு வீடு இல்லைங்க” என்றேன்.

நாயனச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நான் கத்தினேன்.

“எங்களுக்கு வீடு இல்லைங்க! கூடலூர்ல மாடி வீடும் இல்லை, கூரை வீடும் இல்லை. எங்கயுமே இல்லை. யாத்திரையும் இல்லை, மண்டலமும் இல்லை. குடியிருக்க எடம் கெடைக்காமதான் இத்தனை நாளா உங்க சத்திரத்துல கெடந்தோம். இப்போ ரயிலேத்தி உட்டீங்கன்னா வழியில எறங்கித் தெருவுலதான் நிப்போம். எனக்கு நாளு நெருங்கிப்போச்சி!”

நாயனம் பாதியில் நின்றது. தவில்காரர் மட்டும் கவனிக்காமல் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மாலையைக் கழற்றுவதா, போட்டுக்கொண்டே நிற்பதா என்று தெரியாமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல்.

“எங்களுக்குந்தாங்க.”

ராமேஸ்வரத்துக்காரர். பாகப் பிரிவினையில் வீடு தம்பி பக்கம் போய்விட்டதாம், சித்திரையிலிருந்து இரண்டு பேரும் சத்திரம் சத்திரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார்களாம். என் வீட்டுக்காரர் தன்னை மறந்து, “அப்போ ராமேஸ்வரம்?” என்று கேட்டுவிட்டார்.

“நான் போனதே இல்லைங்க. நீங்க காசி?”

“விழுப்புரம் தாண்டினதில்லை.”

மணியக்காரர் அவரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், வாசல் பலகையைப் பார்த்தார். “அப்போ இந்தச் சத்திரத்துல யாருதான்யா யாத்ரீகன்?” என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், தெருவே சிரித்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. முகம் சிவந்துபோயிற்று. சாமி பேரைச் சொல்லி ஏமாற்றினீர்களே, நான் மடையனாப் போனேனே என்று ஆரம்பித்தார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஒரு மண்டலமாக அந்த மனுஷர் எங்களுக்காக விடியுமுன் எழுந்திருந்தாரே!

அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், வாயே திறக்காத அந்த அம்மாள் திறந்தாள்.

“நம்ம பின்கட்டு பூட்டித்தானே கெடக்குது?”

“நீ சும்மா இரு” என்றார் மணியக்காரர்.

“இருந்தது போதும். பசங்க வெளியூருக்குப் போனதுலேர்ந்து ரெண்டு வருஷமா சும்மா கெடக்குது. விலைவாசி ஏறிப்போச்சி, வாடகைக்கு ஒரு நல்ல குடும்பம் வந்தா தேவலைன்னு ராவெல்லாம் பொலம்பறீங்க. வெளிய சொன்னா கௌரவம் போயிடும்னு ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறீங்க. இந்த மாதிரி குடும்பம் நமக்குக் கெடைக்குமான்னு இவுங்களைப் பார்த்துத்தானே நேத்துக்கூடச் சொன்னீங்க?”

இப்போது மாட்டைப் பார்ப்பது மணியக்காரரின் முறை. இரண்டு ஆம்பிளைகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அந்த ஒரே மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கு வீடு வேண்டும், ஒருத்தருக்குக் குடித்தனம் வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே தினமும் இரண்டு வேளை கும்பிட்டுக்கொண்டு, ஒருத்தருக்கு ஒருத்தர் கதை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

கடைசியில் மணியக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டத்துக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். “வாடகையாவது ஒண்ணாவது! விசாரிச்சுப் பார்த்ததுல இவரு எனக்கு மச்சான் முறை ஆவணும். மச்சான் குடும்பம் நம்ம வீட்ல இருக்கக் கூடாதா? வாங்க மச்சான்!”

என் வீட்டுக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நானும் சொல்லணும்னுதான் இருந்தேன் மாமா” என்றார். அதற்கும் ‘இல்லை’ என்று சொல்லத் தெரியவில்லை அவருக்கு. இந்தப் பொய்யை மட்டும் நான் மறுத்துப் பேசவில்லை.

வண்டிக்காரர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு ராமேஸ்வரத்துக்காரரைப் பார்த்து, “எங்க தெருவுல ஒரு கூரை வீடு காலியாத்தான் கெடக்குது. வாயைத் தொறந்து கேட்டாத்தானே தெரியும்? ஆடி பொறக்கறதுக்குள்ள ரெண்டு நடை அடிச்சுடறேன், ஏறுங்க” என்றார். கீழ வீதிக்காரர் என் வீட்டுக்காரரிடம் வந்து, “அன்னிக்கே கேட்டிருக்கலாமே, இருந்த வீட்டை நேத்துத்தான் மெட்ராஸ்காரருக்குக் குடுத்தேன்” என்று அங்கலாய்த்துக்கொண்டார். நாயனக்காரர் வாங்கின கூலிக்கு வாசித்தே தீருவேன் என்று வடக்கு வீதி வரைக்கும் முன்னால் வாசித்துக்கொண்டே வந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பின்கட்டில் பால் காய்ச்சியாகிவிட்டது.

ஆடியிலே பெண் பிறந்தாள். மணியக்காரரின் மனைவிதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். வாடகையை மாசாமாசம் அவள்தான் கொல்லைப்புறமாக வந்து வாங்கிக்கொண்டு போவாள். அந்த வீட்டில் நாங்கள் பதினோரு வருஷம் இருந்தோம்.

வீடு கிடைப்பது அன்றைக்கும் லேசாக இல்லை, இன்றைக்கும் லேசாக இல்லை. சண்டை வரும், வாடகை ஏறும், வாசல் திசை பார்ப்பார்கள், மாசம் பார்ப்பார்கள், ஆளைப் பார்ப்பார்கள். அதெல்லாம் நம் கையில் இல்லை. ஆனால் அந்த வைகாசியிலும் ஆனியிலும் எங்களை அத்தனை நாள் வெளியே நிறுத்திவைத்ததில் பாதிக்குமேல் நாங்கள் விட்ட கதைதான். வீடு இல்லாத ஒருத்தர், வீடு இல்லை என்று சொல்லக்கூட முடியாமல் இருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லி முடித்த அந்த நிமிஷத்தில் வயிற்றுப் பிள்ளையோடு நான் எவ்வளவு லேசாகிப்போனேன் என்பதும் தெரியும்.

இன்றைக்கும் ரயிலடியிலோ கோயில் வாசலிலோ யாராவது மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை, அதற்கு ஆளுக்கு ஒரு யாத்திரையைச் சொல்லிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் போய் உட்கார்ந்து, இன்று ராத்திரி எங்கே படுப்பீர்கள் என்றுதான் கேட்கிறேன்.